கீழாநெல்லியில் இருப்பதும் இல்லாததும்



சென்ற மாதம் மும்பை தாராவியிலிருந்து ஒரு சகோதரி மூன்று பக்கக் கடிதம் எழுதியிருந்தார். அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய தம்பிக்கு வயது 26. தோல் பட்டறையில் வேலை, ஐந்து பேர் சேர்ந்து தங்கும் அறை, மெஸ் சாப்பாடு. மழை தொடங்கிய சில வாரங்களில் அவருக்குப் பசி அற்றுப்போயிற்று. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போயிற்று. கண்களில் மஞ்சள் ஏறியது. தெருமுனை டாக்டர் இரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதற்குள் ஊரிலிருக்கும் தாயார், கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி நிழலில் உலர்த்தி, மும்பைக்குப் புறப்பட்ட ஒருவர் கையில் கொடுத்தனுப்பிவிட்டார். அது தீர்ந்ததும் கடையில் அதே மூலிகைப் பொடியை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பதினெட்டு நாட்களில் கண் வெளுத்துவிட்டது, பசியும் திரும்பிவிட்டது. டாக்டரின் சீட்டு இன்னும் சட்டைப்பையிலேயே இருக்கிறது. தம்பிக்கு ஜனவரியில் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. “ஐயா, பொடி டப்பாவோடு வந்த தாளில், இது மிகச் சிறந்த ஆன்டிஆக்ஸிடன்ட், கல்லீரல் வைரஸை அழிக்கும் என்று போட்டிருக்கிறது. சுகமான பிறகும் இரத்தப் பரிசோதனை தேவைதானா?” என்பது சகோதரியின் கேள்வி.

தேவை என்று ஒரே சொல்லில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பதிலில் அவருடைய தாயாருக்குத் திருப்தி உண்டாகாது. கீழாநெல்லியை ஏளனம் செய்ததாகவே அந்த அம்மாள் எடுத்துக்கொள்வார். நானும் ஒன்பது வயதில் எங்கள் ஆச்சி மோரில் அரைத்துக் கொடுத்த கீழாநெல்லியை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கியவன்தான். ஆகவே அந்தச் செடியில் உண்மையாக என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

கீழாநெல்லிக்கென்று யாரும் பாத்தி கட்டுவது குறைவு. மழை பெய்தவுடன் வரப்போரத்திலும் மதிலோரத்திலும் தானாக முளைக்கும். ஒரு முழ உயரத்துக்குமேல் வளர்வது அரிது. புளியிலையைப் போல் தோன்றும் சிறு கிளைகளின் அடிப்புறத்தில் பூவும் மிளகைவிடச் சிறிய காயும் வரிசையாகத் தொங்கும். கீழே காய்க்கும் நெல்லி என்பதால் அப்பெயர். பொழுது சாய்ந்தால் இலைகள் மடங்கிக்கொள்ளும். நம் பெரிய நெல்லி மரமும் இதுவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இந்திக்காரர் இதைப் பூமி ஆம்லா என்பர், மராட்டியர் புயி ஆவளா என்பர், கன்னடத்தார் நெலநெல்லி என்பர். எல்லாவற்றிற்கும் தரைநெல்லி என்றுதான் பொருள். தாவரவியலார் இதற்கு இட்ட பெயர் ஃபில்லாந்தஸ் அமாரஸ். அமாரஸ் என்றால் லத்தீனில் கசப்பு. இதன் பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம் என்பது அவர்களுடைய கருத்து. நம்முடைய மூலிகை என்று நாம் உரிமை கொண்டாடும் இச்செடியும் நம்மைப் போலவே எங்கிருந்தோ குடிபெயர்ந்து வந்ததுதான் போலும்!

முதற்சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. பழைய நூல்களில் இதை ஃபில்லாந்தஸ் நிரூரி என்றே எழுதிவந்தார்கள். இந்தியாவில் அப்பெயரால் வழங்கியவை உண்மையில் அமாரஸ், ஃப்ரட்டெர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்று வெவ்வேறு செடிகள் என்று 1985இல் இந்தியத் தாவரவியலார் எடுத்துக்காட்டினர். மூன்றும் பார்வைக்கு உடன்பிறந்தவை போலவே இருக்கும். பூவிதழ் ஐந்தா ஆறா என்று கைவில்லையின் உதவியால் எண்ணிப் பார்த்துத்தான் அமாரஸையும் ஃப்ரட்டெர்னஸையும் பிரிக்கவேண்டும். இவை போதாதென்று, தண்டு சிவந்து, காய்கள் காம்பின்றி ஒட்டியிருக்கும் செங்கீழாநெல்லியும் உண்டு, மேலாநெல்லியும் உண்டு. பச்சைச் செடியிலேயே இவ்வளவு குழப்பமென்றால், உலர்த்திப் பொடித்து டப்பாவில் அடைத்தபின் எது எதுவென்று யார் சொல்லக்கூடும்?

இந்த வேறுபாடு பெயரளவில் நின்றுவிடுவதில்லை. லக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தார் அமாரஸ், ஃப்ரட்டெர்னஸ், மேலாநெல்லி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கீழாநெல்லிக்குப் பெருமை சேர்த்த ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்ற இரண்டு பொருட்களும் அமாரஸில் மட்டுமே காணப்பட்டன. மற்ற இரண்டிலும் அவர்களுடைய சோதனையில் அவை தென்படவில்லை.

அந்த ஃபில்லாந்தினுக்கு ஒரு வரலாறு உண்டு. குளித்தலையில் பிறந்து, விசாகப்பட்டினத்திலும் பின்னர் டில்லியிலும் பேராசிரியராக விளங்கிய வேதியியல் மேதை டி.ஆர். சேஷாத்ரியும் அவருடன் உழைத்தவரும், இச்செடியின் கசப்பு எதனால் உண்டாகிறது என்று ஆராய்ந்து 1946இல் அப்பொருளைப் பிரித்தெடுத்து வெளியிட்டனர். அது லிக்னன் என்னும் வகையைச் சேர்ந்தது. தண்ணீரில் எளிதில் கரையாது, சாராயத்தில் கரையும். 1985இல் இந்திய, ஜப்பானிய விஞ்ஞானிகள் எலியின் கல்லீரல் உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, நச்சுப்பொருளை ஊற்றிப் பார்த்தபோது, ஃபில்லாந்தினும் ஹைப்போஃபில்லாந்தினும் அந்த அணுக்களை ஓரளவு காத்தன. ஆகவே ஆச்சிமார் சொன்னது வெறும் கற்பனை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம்.

இவ்விரண்டோடு செடி முடிந்துவிடவில்லை. ஜெரானியின், கோரிலாஜின், அமாரியின் முதலிய டானின்கள் இதில் நிறைந்துள்ளன. வாழைப்பூ நறுக்கும்போது விரலைக் கறுக்கச் செய்கிறதே, அத்தகைய துவர்ப்புப் பொருட்கள்தாம் இவை. காலிக் அமிலமும் எல்லாஜிக் அமிலமும் உண்டு. ருட்டின், குவர்செட்டின் வகை ஃபிளாவனாய்டுகளும், சிறிதளவில் ஆல்கலாய்டுகளும் உண்டு. எது எவ்வளவு என்பது செடி வளர்ந்த மண், பறித்த பருவம், உலர்த்திய முறை ஆகியவற்றைப் பொறுத்து மாறும். வீட்டில் கஷாயம் வைத்தால் நீரில் கரையும் டானின்களே மிகுதியாக இறங்கும். தொழிற்சாலையில் சாராயத்தில் ஊறவைத்தால் லிக்னன்கள் இறங்கும். டப்பாவில் இருப்பதும் ஆச்சியின் அம்மியில் இருந்ததும் ஒன்றல்ல என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

இனி, சகோதரியை மயக்கிய அந்த ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற சொல்லுக்கு வருவோம். நாம் சுவாசிக்கும் பிராணவாயு சரீரத்தில் எரியும்போது, நிலைகொள்ளாத சில துகள்கள் உண்டாகின்றன. தனக்கில்லாத ஓர் எலக்ட்ரானை அடுத்தவரிடமிருந்து பறித்துக்கொள்ளத் துடிப்பவை அவை. அவற்றுக்குத் தன்னிடமுள்ளதைக் கொடுத்து அடக்கிவைக்கும் பொருளே ஆன்டிஆக்ஸிடன்ட்.

ஒரு செடிக்கு இந்தக் குணம் இருக்கிறதா என்று சோதிப்பது மிக எளிது. டி.பி.பி.எச். என்றொரு இரசாயனம் உண்டு. கரைத்தால் கத்தரிப்பூ நிறத்தில் அழகாக இருக்கும். அதில் செடியின் சாற்றைச் சில துளிகள் விட்டு அரைமணி நேரம் இருட்டில் வைத்தால், ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்குமாயின் ஊதா நிறம் வெளிறி மஞ்சளாகும். 517 நானோமீட்டர் ஒளியில் கருவியை வைத்து, நிறம் எத்தனை சதவீதம் குறைந்தது என்று அளப்பார்கள். கல்லூரி மாணவர்கள்கூட ஒரே பிற்பகலில் செய்துமுடிக்கும் சோதனை இது. விளம்பரத் தாள்களில் காணும் 80 சதவீதம், 90 சதவீதம் எல்லாம் பெரும்பாலும் இப்படி வந்தவையே. அது நிறம் குறைந்த சதவீதம், நோய் குறைந்த சதவீதம் அன்று.

கீழாநெல்லி இச்சோதனையில் நன்றாகவே தேறுகிறது. இதன் டானின்களையும் ஃபிளாவனாய்டுகளையும் தனித்தனியே பிரித்துச் சோதித்து 2008இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தாரும் அதில் பங்குபெற்றனர். டானின்களின் ஆற்றலே ஃபிளாவனாய்டுகளை விஞ்சி நின்றது. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. டப்பாக்களில் ஃபில்லாந்தின் இத்தனை சதவீதம் என்று அச்சிட்டு, அடுத்த வரியில் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று எழுதுகிறார்கள். ஃபில்லாந்தினின் அமைப்பிலோ, டானின்களில் ஏராளமாக உள்ள ஹைட்ராக்சில் பகுதி ஒன்றுகூட இல்லை. இருக்கவேண்டிய இடங்களை எல்லாம் மெத்தாக்ஸி என்னும் வேறு பகுதி அடைத்துக்கொண்டிருக்கிறது. ஊதா நிறத்தைப் போக்கும் வேலையில் பெரும்பங்கு துவர்ப்புப் பொருட்களுடையது. பெயர் ஒருவருக்கு, உழைப்பு இன்னொருவருக்கு.

கண்ணாடிக் குப்பியில் நடந்தது வயிற்றுக்குள் நடக்குமா? டானின்கள் பெரிய மூலக்கூறுகள். அவை அப்படியே இரத்தத்தில் ஏறுவதில்லை. குடலில் உடைந்து எல்லாஜிக் அமிலமாகி, குடற்கிருமிகளால் யூரோலித்தின் என்ற வேறு பொருளாக மாறி, மிகச் சிறிய அளவிலேயே இரத்தத்தை அடைகின்றன. மேலும், அதே டி.பி.பி.எச். கரைசலில் நீங்கள் காலையில் குடிக்கும் தேநீரை விட்டாலும் நிறம் வெளிறும், பெருநெல்லிச் சாற்றை விட்டாலும் வெளிறும். அதனால் தேநீர் காமாலையைத் தீர்க்கும் என்று யாரும் சொல்வதில்லையே! உணவுப்பொருட்களின் இத்தகைய எண்களைப் பட்டியலிட்டுவந்த அமெரிக்க வேளாண்மைத் துறை, அவற்றுக்கும் சரீர ஆரோக்கியத்துக்கும் நேரான தொடர்பு நிறுவப்படவில்லை என்று கூறி, 2012இல் அப்பட்டியலையே நீக்கிவிட்டது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளியாயிற்று. பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையை விழுங்கியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது.

வைரஸை அழிக்கும் என்ற வாசகம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும், ஏனெனில் அதற்கு ஓர் உண்மையான வேர் உண்டு. ஹெப்பட்டைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க் என்பவரின் குழுவினர், இச்செடியின் சாறு அந்த வைரஸின் ஒரு நொதியைச் சோதனைக்குழாயில் தடுப்பதாக 1987இல் எழுதினர். அதே குழுவோடு சேர்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் (பின்னாளில் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானவர்) சென்னையில் ஆய்வு நடத்தி, 1988இல் லான்செட் என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளியிட்டார். நெடுநாளாக வைரஸைத் தாங்கியிருந்தவர்களுக்கு 200 மில்லிகிராம் பொடி தினம் மூன்று வேளை, 30 நாட்கள் கொடுக்கப்பட்டது. கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேருடைய இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்துவிட்டது. வெற்று மருந்து உட்கொண்ட 23 பேரில் ஒருவருக்கே அப்படி நேர்ந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. அந்நாட்களில் பலர் அகமகிழ்ந்தது நியாயமே.

ஆனால் ஓர் ஆய்வு மெய்யாவது, அதை வேறொருவர் வேறோர் ஊரில் செய்து அதே முடிவைக் காணும்போதுதான். 1990இல் தாய்லாந்தில் செய்தார்கள், பலிக்கவில்லை. 1994இல் பம்பாயில் செய்தார்கள், வைரஸ் அடையாளம் போகவில்லை. அதே ஆண்டு நியூசிலாந்திலும் தோல்வி. செடியின் இனம் வேறா, பறித்த பருவம் வேறா, நோயாளிகள் வேறா என்றெல்லாம் விவாதம் நடந்தது. முடிவில், அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் காக்ரேன் குழுவினர் வெளியிட்ட மதிப்பீடு, வெற்று மருந்தைவிடக் கீழாநெல்லி நாட்பட்ட ஹெப்பட்டைட்டிஸ் பி நோய்க்கு நன்மை செய்கிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றது. 1988இன் செய்தி இன்னும் டப்பாக்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1994இன் செய்தியும் 2011இன் செய்தியும் எந்த டப்பாவிலும் இடம்பெறவில்லை.

அப்படியானால் தம்பியின் கண் எப்படி வெளுத்தது என்று கேட்பீர்கள். காமாலை என்பது ஒரு நோயின் பெயரன்று, ஓர் அடையாளம். பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருளைக் கல்லீரல் வெளியேற்ற முடியாமல் போனால் அது இரத்தத்தில் தேங்கிக் கண்ணில் தெரிகிறது. மழைக்காலத்தில் அசுத்த நீரால் வரும் ஹெப்பட்டைட்டிஸ் ஏ, ஈ இரண்டும் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தாமாகவே அடங்கிவிடும். 1955-56 குளிர்காலத்தில் டில்லியில் யமுனைக் குடிநீரோடு கழிவுநீர் கலந்து, சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அது ஹெப்பட்டைட்டிஸ் ஈ வகை என்று பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று. எதை உட்கொண்டவரும் உட்கொள்ளாதவரும் மிகப் பெரும்பாலோர் பிழைத்தெழுந்தனர். கர்ப்பிணிகளுக்கு மாத்திரம் அது கொடியது. கடைசி மூன்று மாதங்களில் இது தாக்கினால் நூற்றுக்கு 20 பேர் வரை உயிரிழக்கக்கூடும். அவர்களை வீட்டில் வைத்துப் பொடி கொடுத்துக்கொண்டிருப்பது ஆபத்து.

ஹெப்பட்டைட்டிஸ் பி-யும் அப்படியே போக்குக்காட்டும். வயதுவந்தவருக்குப் புதிதாகத் தொற்றினால் 100க்கு 95 பேருக்குத் தானே நீங்கிவிடும். எஞ்சியவர்களுக்குக் கண் வெளுத்துவிடும், பசி எடுக்கும், வேலைக்குப் போவார்கள். வைரஸ் மாத்திரம் கல்லீரலில் குடியிருந்து, ஆண்டுகள் கழித்து அதைச் சுருங்கவைக்கும், புற்றாகவும் மாறக்கூடும். கண்ணைப் பார்த்து இந்த இருவகையினரையும் பிரித்தறிய எந்த வைத்தியராலும் முடியாது.

என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருக்குக் காமாலை கண்டபோது வயது 58. மலம் வெளுத்துச் சுண்ணாம்பு போலப் போயிற்று, இரவெல்லாம் சரீரம் அரித்தது. நாங்கள் இரண்டு மாதங்கள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். தினமும் அரைத்தவன் நான்தான். மஞ்சள் கூடிக்கொண்டே போயிற்று. பிறகு ஸ்கேன் எடுத்தபோது கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி, பித்தக்குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. அறுவைசிகிச்சைக்குரிய காலம் கடந்துவிட்டது என்றார்கள். முன்னமே போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன், அந்த நோய் அப்படிப்பட்டது. ஆனால் அந்த இரண்டு மாதங்களை அவருக்குக் கிடைக்காமற் செய்தது செடியன்று, நாங்கள்.

சகோதரியே, இப்போது உங்கள் தம்பிக்கு வருகிறேன். சீட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போகச் சொல்லுங்கள். கல்லீரல் செயல்பாட்டுச் சோதனையோடு, எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்ற சோதனையும், ஹெப்பட்டைட்டிஸ் சி-க்கான சோதனையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள். எச்.பி.எஸ்.ஏ.ஜி. இல்லையென்று வந்தால் அந்தக் கவலை விட்டது. இருக்கிறதென்று வந்தால் கலங்கவேண்டாம், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். அப்போதும் இருந்தால்தான் அது நாட்பட்ட நோய். அதற்கு டெனோஃபோவிர், என்டெகாவிர் என்ற மாத்திரைகள் உண்டு. வைரஸை அடியோடு ஒழிப்பது அரிதானாலும் நன்றாக அடக்கிவைக்கின்றன. மாத்திரை எல்லோருக்கும் உடனே தேவைப்படுவதில்லை, மருத்துவர் சொல்வார். தேசிய வைரல் ஹெப்பட்டைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்படி 2018 முதல் அரசு மருத்துவமனைகளிலுள்ள சிகிச்சை மையங்களில் சோதனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன.

திருமணத்தை நிறுத்தவேண்டுமோ என்று தாயார் பயப்படுவார். வேண்டியதில்லை. ஆனால் மறைக்கவும் கூடாது. இந்த வைரஸ் இரத்தத்தாலும் தாம்பத்திய உறவாலும், தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுகிறது. ஒரே தட்டில் சாப்பிடுவதால் பரவாது. சவரக்கத்தியையும் பல்துலக்கியையும் பகிர்ந்துகொள்ளக்கூடாது, ஐந்து பேர் தங்கும் அறையில் இதைச் சொல்லிவைப்பது நல்லது. தம்பிக்கு இருக்கிறதென்று வந்தால், மணப்பெண்ணுக்குச் சோதனை செய்து மூன்று தவணைத் தடுப்பூசி போடவேண்டும். முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. மூன்றும் முடிந்து பாதுகாப்பு உண்டாகும்வரை ஆணுறை அவசியம். பிற்பாடு குழந்தை பிறக்கும்போது 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போடப்படுகிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். வைரஸ் தாயிடமிருந்து பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் 100க்கு 90 குழந்தைகளுக்கு அது வாழ்நாள் முழுவதும் நிலைத்துவிடும் என்பதால் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

தாயார் அனுப்பிய கீழாநெல்லி தீர்ந்துபோயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். அதை உட்கொண்ட விவரத்தை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். கடைப்பொடியைச் சோதனை முடிவு வரும்வரை நிறுத்திவையுங்கள். தாராவியில் சாக்கடையோரத்திலும் இரயில் பாதையருகிலும் முளைத்திருப்பதைப் பறிக்கவே வேண்டாம். அந்த மண்ணிலுள்ள ஈயத்தையும் பிற கழிவையும் செடி தன்னோடு ஏற்றிக்கொள்ளும். முடிவுத் தாளின் நகலை எனக்கு அனுப்பினால், அதிலுள்ள எண்களின் பொருளைத் தனிக்கடிதத்தில் எழுதுகிறேன்.